ஊசியக்காவின் கோப்பில் இருந்த கட்டி

எங்கள் தையல் ஆலையில் ஊசி உடைந்தால் மெஷின் நின்றுவிடும். தைக்கிறவள் கையைத் தூக்குவாள். தகரத் தட்டும் காந்தமுமாக ஊசியக்கா வந்து நிற்பாள். உடைந்த துண்டுகளைப் பொறுக்கி, ஒரு முழு ஊசியின் நீளத்துக்குச் சரியாக வருகிறதா என்று நோட்டில் அடுக்கிப் பார்த்து, மேலே டேப்பை ஒட்டி, மெஷின் எண்ணும் நேரமும் எழுதிக் கையெழுத்து வாங்குவாள். அதற்கு அப்புறம்தான் புது ஊசி. முனை கிடைக்கவில்லை என்றால் அந்த மெஷினைச் சுற்றியிருக்கும் சட்டைகள் அத்தனையும் சிவப்புக் கூடைக்குப் போய்விடும். யாரோ ஒரு குழந்தை போட்டுக்கொள்ளப்போகிற சட்டை, அதன் தையலுக்குள் முனை கிடந்துவிடக் கூடாது.

சூப்பர்வைசர் தலைகீழாக நின்றாலும் அவள் மசியமாட்டாள். "முனையக் காட்டு, ஊசிய வாங்கிக்கோ" என்பாள். பதினோரு வருஷமாக அதே பேச்சுதான். பெற்றோர் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மற்றபடி முதலாளி முதல் வாசல் காவலாளி வரைக்கும் ஊசியக்காதான்.

நான் அதே ஆலையில் கடைசி மேசையில் இஸ்திரி போடுகிறவள். என் பெயரும் அங்கே இஸ்திரிதான். எனக்கு வாய் நீளம் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும், வாயை மூடிக்கொண்டு இருந்தவர்களால் என்ன நடந்தது என்பதைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

நாற்பத்து மூன்று வயதில் அக்காவுக்கு முதல் கட்டி வந்தது. குளிக்கும்போது இடது மார்பில் கைக்குத் தட்டுப்பட்டிருக்கிறது. திராட்சைப்பழம் அளவு. தொட்டால் நழுவும். மாதவிலக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்னால் விண்விண் என்று வலிக்கும். ஆறு வாரம் யாரிடமும் மூச்சு விடவில்லை. வீட்டுக்காரர் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர், விடிவதற்கு முன் போய் இருட்டிய பின் வருகிறவர், அவருக்கும் தெரியாது. "வெளிய சொல்லிட்டா நெசமாயிடும்னு ஒரு பயம்டி" என்று பிறகு என்னிடம் சொன்னாள். அந்த ஆறு வாரத்தில் அவள் முகம் எப்படி வற்றிப்போனது என்று எனக்கல்லவா தெரியும்.

கடைசியில் விஷயத்தைக் கறந்து, அவளை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனது நாத்தனார்தான். வீட்டுக்காரரின் தங்கை, கல்யாணம் ஆகவில்லை, அண்ணன் வீட்டோடு இருந்தாள். எங்கள் ஆலையிலேயே தைத்த சட்டைகளில் நூல் பிசிறு வெட்டும் வேலை. ஆளும் நூல் மாதிரி இருப்பாள், அதனால் அவள் பெயர் பிசிறு. அண்ணியும் நாத்தனாரும் ஒரே வீட்டில் இருந்தால் அடுப்படி போர்க்களமாக இருக்கும் என்று நினைப்போம் அல்லவா, இவர்கள் ஒரே சீப்பில் தலை வாரிக்கொண்டு வேலைக்கு வருவார்கள். எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும்.

நிரந்தர வேலைக்காரர்களுக்கு ஆலை ஒரு மருத்துவ அட்டை கொடுத்திருந்தது. அந்த அட்டைக்கென்று தனி ஆஸ்பத்திரி. அங்கே கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்ட ஒரு டாக்டரம்மா. கையால் அழுத்திப் பார்த்துவிட்டு, அப்போதே ஸ்கேன் அறைக்கு அழைத்துப்போனார். திரையை அக்காவின் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"கறுப்பா வட்டமா தெரியுது பாருங்க. ஓரம் சுத்தமா இருக்கு. உள்ள வெறும் தண்ணி. இதுக்குப் பேர் நீர்க்கட்டி. உங்க வயசுல நெறைய பேருக்கு வரும்."

"புத்துநோய் இல்லையாம்மா?"

"இல்ல. சும்மா விட்டாலும் ஒன்னும் பண்ணாது. வலி தாங்கலன்னா ஊசி விட்டு தண்ணிய எடுத்துடலாம்."

"எடுத்துடுங்க" என்றாள் அக்கா. அவ்வளவு நாள் தூங்காதவளுக்கு அந்தச் சனியன் உடம்பை விட்டுப் போனால் போதும்.

ஊசி உள்ளே போனது. சிரிஞ்சில் பாதிக்கு மஞ்சளும் பச்சையும் கலந்த தண்ணீர் வந்தது. கட்டி இருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. ஆறு வாரம் தன்னை ஆட்டிவைத்தது இந்த இரண்டு ஸ்பூன் தண்ணீரா என்று அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்ததாம். டாக்டரம்மா விளக்கமாகச் சொன்னார். தண்ணீரில் ரத்தம் இல்லை, கட்டியும் முழுசாக வடிந்துவிட்டது, ஆகவே சோதனைக்கு அனுப்பத் தேவையில்லை. ஆறு வாரம் கழித்து ஒரு முறை காட்ட வேண்டும். மறுபடி நிரம்பலாம், வேறு இடத்திலும் வரலாம், மாதவிலக்கு நின்ற பிறகு பெரும்பாலும் வராது. வலிக்கிற நாட்களில் நன்றாகத் தாங்கிப் பிடிக்கிற உள்ளாடை போட்டுக்கொள்ள வேண்டும், மாத்திரை ஒன்று போடலாம்.

வாசல் வரை வந்தவளைத் திரும்பக் கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னார். "ஒன்னு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. புதுசா எது வந்தாலும் புதுசா ஸ்கேன் எடுக்கணும். போன தடவ தண்ணின்னா இந்தத் தடவையும் தண்ணின்னு நாமளா முடிவு பண்ணக் கூடாது."

அக்கா திரும்பி வந்ததும் ஆலையில் தண்ணிக்கட்டிப் புராணம் ஆரம்பமானது. சாப்பாட்டு நேரத்தில் அவளைச் சுற்றி ஒரு கூட்டம். வீட்டுக்காரர் ஓட்டுவது தண்ணி லாரி, பெண்டாட்டி தூக்கிக்கொண்டு திரிவது தண்ணிக்கட்டி, நல்ல பொருத்தம் என்று நான்தான் கிண்டல் செய்தேன். டாக்டரம்மா சொன்ன எல்லாவற்றையும் அக்கா வரி பிசகாமல் சொன்னாள், அந்தக் கடைசிப் பேச்சைத் தவிர. வேண்டுமென்று விட்டாள் என்று சொல்லமாட்டேன். பயம் போன சந்தோஷத்தில் பயமுறுத்துகிற வார்த்தையை யார் சுமந்துகொண்டு வருவார்கள்?

இரண்டு வருஷத்தில் இன்னும் மூன்று கட்டிகள். மூன்றுக்கும் ஸ்கேன். இரண்டில் தண்ணீர் எடுத்தார்கள், ஒன்று வலிக்கவில்லை என்று அப்படியே விட்டார்கள். எல்லாம் இடது பக்கம், எல்லாம் தண்ணீர். அவளுடைய கோப்பு விரல் தடிமனுக்கு வந்துவிட்டது. உடை மாற்றும் அறையில் பெண்கள் அவளிடம் வந்து, "அக்கா, இங்க கொஞ்சம் தொட்டுப் பாருங்க" என்று நிற்பார்கள். நானும் ஒரு தடவை நின்றிருக்கிறேன். "உனக்கு ஒன்னுமில்லடி, எல்லாம் கொழுப்பு" என்று முதுகில் ஒரு அடி போட்டு அனுப்பினாள்.

அப்படி ஒரு நாள் பிசிறும் வந்தாள். ஆலையில் இல்லை, வீட்டில், துணி மடித்துக்கொண்டிருக்கும்போது. "அண்ணி, எனக்கும் உங்க சொத்துல பங்கு வந்துடுச்சு போல" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். வலது மார்பு, மேல் பக்கம், அக்குளை ஒட்டி. அக்கா தொட்டாள். சட்டை மடிப்பில் முனை சிக்கினால் விரல் எப்படி நிற்குமோ அப்படி நின்றதாம். கட்டி நழுவவில்லை. அமுக்கினால் அமுங்கவில்லை.

"வலிக்குதாடி?"

"வலியெல்லாம் இல்ல. அதான் பயமில்ல."

அக்கா அந்த இடத்திலேயே பயந்துவிட்டாள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு ஆலையில் நாக்கில் நரம்பில்லாமல் பேசினார்கள், அக்காதான் தண்ணிக்கட்டி என்று சொல்லி அவளை விட்டுவிட்டாள் என்று. அப்படி இல்லை. அது வேறு என்று அவள் விரலுக்குத் தெரிந்தது. அன்றைக்கே ஆஸ்பத்திரி என்று முடிவு செய்தாள். எந்த வழியாகப் போவது என்பதில்தான் இடறினாள்.

பிசிறு ஒப்பந்தத்தில் வேலை செய்கிறவள், அவளுக்கு அட்டை கிடையாது. அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டால் மார்பு ஸ்கேனுக்கு நான்கு மாதம் ஆகும் என்றார்கள். அக்காவின் அட்டை ஆஸ்பத்திரியில் அன்றைக்கே எடுப்பார்கள். அட்டையில் இருந்த படம் சலவைப் பொடி பட்டு வெளுத்துப்போயிருந்தது. வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் எண்ணை மட்டும்தான் பார்ப்பார்கள். அட்டையை வேறொருவர் பயன்படுத்தினால் அட்டையும் போகும், வேலையும் போகும் என்று பின்பக்கம் அச்சடித்திருந்தது. இரண்டு பேரும் அதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் துணிந்தார்கள்.

டாக்டரம்மாவுக்கு அக்காவை அடையாளம் தெரியும். அதனால் அவர் விடுப்பில் போன வாரமாகப் பார்த்துத் தேதி வாங்கினார்கள். போவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அக்கா தன் கோப்பின் கதையை முழுக்கப் பிசிறுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தாள். என்ன வயது, முதல் கட்டி எப்போது, எந்தப் பக்கம், தண்ணீர் என்ன நிறம்.

"வலிக்குதான்னு கேப்பாங்க. மாசத் தேதி நெருங்கும்போது வலிக்கும்னு சொல்லு. கூடிக் கொறையுதான்னு கேப்பாங்க. ஆமான்னு சொல்லு. கோப்புல அப்படித்தான் இருக்கு. மாத்திச் சொன்னா சந்தேகப்படுவாங்க."

"பரீட்சைக்குக்கூட இவ்வளவு படிக்கல அண்ணி" என்றாள் பிசிறு. பள்ளிக்கூடத்தில் தேறாதவள் இந்தப் பாடத்தில் ஒரு தப்பு விடவில்லை. ஒரு தப்பாவது விட்டிருக்கக் கூடாதா?

அன்றைக்கு இருந்தவர் ஒரு இளம் டாக்டர். கோப்பைப் புரட்டினார். நான்கு கட்டிகள், நான்கும் நீர்க்கட்டிகள். அக்கா நாத்தனார் என்று சொல்லிக்கொண்டு நர்ஸ் பக்கத்தில் நின்றிருந்தாள். டாக்டர் கையால் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கேள்விகளைக் கேட்டார். வலிக்கிறதா? தேதி நெருங்கும்போது வலிக்கும். எவ்வளவு நாளாக? மூன்று மாதமாக, கூடிக் குறைகிறது. முன்னால் எடுத்த தண்ணீர்? மஞ்சளும் பச்சையும். அவர் முகம் தெளிந்தது. ஸ்கேன் அறையில் அன்றைக்கு ஒரு மெஷின் பழுது, வெளியே பதினைந்து பேர் காத்திருந்தார்கள்.

"இதுவும் அதே மாதிரிதான் இருக்கணும். ரெண்டு மாதவிலக்கு போகட்டும். அடங்கலன்னா ஸ்கேன் எடுத்து தண்ணிய எடுத்துடலாம்" என்றார். கோப்பில் எழுதினார்: வலப்பக்கம், மேல் வெளிப்புறம், இரண்டு சென்டிமீட்டர் கட்டி. நீர்க்கட்டியாக இருக்கலாம்.

அக்காவுக்கு வாய்வரை வந்தது, ஸ்கேன் இப்போதே எடுங்கள் என்று. நாத்தனாராக வந்தவள் எதற்காக அதிகம் பேச வேண்டும் என்று விழுங்கிவிட்டாள். அதோடு அவளுக்குள்ளும் ஒரு ஆசை எழுந்துவிட்டது. படித்தவர் தொட்டுப் பார்த்துச் சொல்கிறார், என் விரல் என்ன பெரிய விரல்? திரும்பி வரும் பஸ்ஸில் இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம். "எனக்கு நாப்பத்தஞ்சு வயசுன்னு சொன்னதும் அந்த ஆளு கண்ணக்கூட சிமிட்டல அண்ணி, அதுதான் எனக்கு வலிக்குது" என்றாளாம் முப்பத்தாறு வயதுப் பிசிறு.

இரண்டு மாதம் கழித்துப் போகவேண்டியது. அந்தச் சமயம் பார்த்துப் பெரிய ஆர்டர் வந்தது, யாருக்கும் விடுப்பு இல்லை. மூன்றரை மாதம் ஆகிவிட்டது. பிசிறு அதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அக்கா கேட்டால், "அது பாட்டுக்கு இருக்கு, தொந்தரவு பண்ணல" என்பாள். இதற்குள் அக்காவுக்கே இடது பக்கத்தில் ஒரு புதுக் கட்டி வந்து வலிக்கத் தொடங்கியது. டாக்டரம்மா விடுப்பு முடிந்து வந்திருந்தார், ஆகையால் பிசிறு போக முடியாது. அக்கா தன் கட்டிக்குத் தன் அட்டையோடு தானே போனாள். போகிற போக்கில், எனக்குத் தெரிந்த ஒருத்திக்கு இப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு வரலாம் என்று நினைப்பு.

டாக்டரம்மா கோப்பைத் திறந்ததும் முதலில் கேட்டதே அதுதான்.

"வலப்பக்கம் ஒன்னு இருந்துச்சே, அத ஏன் இவ்வளவு நாளா காட்டல?"

டாக்டரம்மா வலது மார்பைக் கையால் தேடினார். திரும்பவும் தேடினார். ஸ்கேன் வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். "ஒன்னுமே இல்லையே" என்றார். அவர் முகத்தில் எவ்வளவு சந்தோஷம் என்கிறீர்கள். "சில சமயம் உடம்பே உறிஞ்சிக்கும். நல்லதாப் போச்சு." கோப்பில் எழுதினார்: வலப்பக்கக் கட்டி இல்லை. தானாகவே மறைந்துவிட்டது.

இடது பக்கத்துத் தண்ணீரை எடுத்துவிட்டு அனுப்பினார். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். நான் அவளுக்கு எவ்வளவு வேண்டியவளாக இருந்தாலும் இந்த இடத்தில் அவளுக்காகப் பேசமாட்டேன். இரண்டு வேலை, ஒரு வீடு, எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் தொங்கிக்கொண்டிருந்தது என்று எனக்கும் தெரியும். ஆனாலும் சொல்லியிருக்க வேண்டும்.

வீட்டுக்குப் போனதும் பிசிறைக் கூப்பிட்டு, வெளிச்சம் விழும் ஜன்னல் பக்கம் நிறுத்திப் பார்த்தாள். கட்டி பெரிதாகியிருந்தது. மேலே தோல் ஒரு இடத்தில் உள்ளே இழுத்துக்கொண்டு குழி விழுந்திருந்தது.

"உங்க ஆஸ்பத்திரில போயிடுச்சுன்னு எழுதிட்டாங்கன்னா எனக்கும் போயிருக்கணுமே" என்று பிசிறு சிரிக்கப் பார்த்தாள். அக்கா சிரிக்கவில்லை.

ஒன்பது நாள் அதைச் சுமந்துகொண்டு வேலைக்கு வந்தாள். ஒன்பதாவது நாள் ஒரு மெஷினில் ஊசி உடைந்தது. துண்டுகளை அடுக்கினால் முனை குறைகிறது. சூப்பர்வைசர் வழக்கம்போலக் குதித்தார், லாரி நிற்கிறது, ஒரு முனைக்காக நூறு சட்டையை நிறுத்தாதே என்றார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நோட்டை என் மேசையில் வைத்தாள். "முனை கெடைக்காம புது ஊசி குடுக்காத" என்று என்னிடம் சொல்லிவிட்டு, கைப்பையைக்கூட எடுக்காமல் வாசலைத் தாண்டிப் போனாள். நூல் வெட்டும் மேசையிலிருந்து பிசிறு எழுந்து நின்று பார்த்தாள், எனக்கு அது கண்ணிலேயே நிற்கிறது.

டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் திட்டவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "எங்க இருக்காங்க அவங்க? இப்பவே கூட்டிட்டு வாங்க" என்றார் அவ்வளவுதான். அட்டை கேட்கவில்லை. தானே ஸ்கேன் எடுத்தார். திரையை இந்தத் தடவை யார் பக்கமும் திருப்பவில்லை. தடித்த ஊசியால் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். கையால் ஒரு கடிதம் எழுதி, பெரிய ஆஸ்பத்திரியில் மறுவாரமே பிசிறைச் சேர்த்துக்கொள்ள வைத்தார்.

புற்றுநோய். அக்குளுக்கும் முதுகெலும்புக்கும் போய்விட்டிருந்தது.

"அந்த நாலு மாசம் முன்னாடியே பாத்திருந்தா?" என்று அக்கா கேட்டாள்.

"தெரியலம்மா. அப்பவே பரவியிருக்கலாம், பரவாமலும் இருந்திருக்கலாம். எனக்கு நெசமாவே தெரியல" என்றார் டாக்டரம்மா. திட்டியிருந்தால்கூட அக்காவுக்கு ஒரு பிடிமானம் கிடைத்திருக்கும். உன்னால்தான் என்றும் சொல்லவில்லை, உன்னால் இல்லை என்றும் சொல்லவில்லை.

கோப்பைப் பற்றியும் டாக்டரம்மா ஒரு வார்த்தை சொன்னார். அந்த இரண்டு வரிகளையும் திருத்தினால் காரணம் எழுத வேண்டும், அது ஆலைக்குப் போகும், இப்போது உங்கள் வேலையாவது இருக்கட்டும் என்றார். இரக்கத்தில் செய்தது. அந்த இரக்கத்தால் பொய் கோப்பிலேயே தங்கிவிட்டது.

பிசிறு பதினான்கு மாதம் இருந்தாள். முடி கொட்டியது, கை வீங்கியது. கேலி மட்டும் குறையவில்லை. ஒரு தடவை நான் பார்க்கப் போயிருந்தபோது புதிதாக வந்த நர்ஸ், "இதுக்கு முன்னாடி மார்புல கட்டி எதாவது வந்திருக்கா?" என்று கேட்டாள். பிசிறு கண்ணை மூடிக்கொண்டு கடகடவென்று ஒப்பித்தாள். "இடது பக்கம் நாலு. மூணுல தண்ணி எடுத்தாங்க. மஞ்சளும் பச்சையும். தேதி நெருங்கும்போது வலிக்கும்." பிறகு கண்ணைத் திறந்து அண்ணியைப் பார்த்து, "இன்னும் மறக்கல பாத்தீங்களா" என்றாள். அக்கா எழுந்து வெளியே போய்விட்டாள். நர்ஸ் பாவம், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டுவிட்டாள். நான்தான் அதையெல்லாம் அடித்துவிடச் சொன்னேன்.

பிசிறு போன பிறகு அக்காவின் வீட்டுக்காரர் அவளிடம் ஒரு நாளும் கடிந்து பேசவில்லை. தங்கையின் சீப்பை மட்டும் எடுத்துத் தன் லாரியில் வைத்துக்கொண்டார். அக்கா வேலைக்கு வந்தாள், ஊசி கொடுத்தாள், நோட்டு எழுதினாள். உடை மாற்றும் அறையில் யாராவது தொட்டுப் பார்க்கச் சொன்னால், "எனக்கு ஒன்னும் தெரியாது, ஸ்கேன் எடு" என்று மூஞ்சியில் அடித்தாற்போலச் சொன்னாள். ஆஸ்பத்திரிப் பக்கம் போவதையே விட்டுவிட்டாள்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். வலது மார்பில் ஒரு கட்டி. மேல் பக்கம், அக்குளை ஒட்டி. அவளுக்கு இதுவரைக்கும் வலப்பக்கம் வந்ததே இல்லை.

"கூட வர்றியாடி?"

போனேன். டாக்டரம்மா வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். புதிதாக ஒரு டாக்டர், மீசை சரியாக அரும்பாத வயது. கோப்பை வாங்கிப் பொறுமையாகப் படித்தார், அதில் குறை சொல்ல முடியாது. கையால் பார்த்தார். பிறகு அந்தப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு பேசினார்.

"இதே எடத்துல முன்னாடி ஒன்னு வந்து தானாவே மறைஞ்சிருக்கு. பயப்பட ஒன்னுமில்ல. இதையும் ரெண்டு மாசம் பாக்கலாம்."

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் டாக்டரின் விரலுக்குக் கீழே இருந்த கோப்பைத் தன் பக்கம் இழுத்தாள். பயத்தால் இல்லை, எனக்கு அவளைத் தெரியும், அது கோபம்.

"அது என் கட்டி இல்ல டாக்டர்."

"உங்க கோப்புலதானே இருக்கு?"

"அது மறையவும் இல்ல. அது என் நாத்தனாரோடது. அவ செத்துட்டா."

எல்லாவற்றையும் சொன்னாள். பாடம் சொல்லிக்கொடுத்ததையும் ஒன்று விடாமல் சொன்னாள். அந்தப் பிள்ளைக்கு முகம் வெளுத்துவிட்டது. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். இதைத் திருத்தினால் ஆலைக்குத் தெரிவிக்க வேண்டும், கொஞ்சம் யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். அவரும் நல்லவர்தான். எங்களுக்கு வாய்த்த டாக்டர்கள் எல்லாரும் நல்லவர்கள்.

"எழுதுங்க" என்றாள் அக்கா.

இரண்டு வரிகளின் மேலும் கோடு போட்டார். பக்கத்தில் எழுதினார்: இந்தக் கட்டி இந்த நோயாளியுடையது அல்ல. அக்கா அதைப் படித்துக் காட்டச் சொன்னாள். இன்னொரு தடவையும் படிக்கச் சொன்னாள். "யாரோடதுன்னும் எழுதுங்க" என்றாள். அவர் பெயரைக் கேட்டார். அக்கா பிசிறின் முழுப் பெயரையும் அப்பா பெயரோடு சேர்த்து நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ஆறு வருஷம் ஒரே கூரைக்குக் கீழே வேலை செய்தவள் நான், அந்தப் பெயரை அன்றைக்குத்தான் முதல்முறை கேட்டேன்.

ஆலைக் கடிதம் பத்தொன்பதாவது நாள் வந்தது. அட்டையும் போனது, வேலையும் போனது. ஊசி நோட்டு இப்போது என்னிடம் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் கோப்பைத் திருத்திய அன்றைக்கே ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். கறுப்பாக வட்டமாக இருந்தது, ஓரம் சுத்தமாக இருந்தது. வலிக்கிறது என்று அக்கா சொன்னதால் ஊசி விட்டார். மஞ்சள் தண்ணீர் வந்தது, ரத்தம் இல்லை. கட்டி முழுசாக வடிந்தது. ஆறு வாரம் கழித்து வாருங்கள் என்று சொல்லத் தொடங்கியவர், அட்டை போய்விடும் என்பது நினைவுக்கு வந்து பாதியில் நிறுத்திக்கொண்டார்.

அக்கா சிரிஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்து நான் அவள் தோளைத் தொட்டேன். தட்டிவிட்டாள். பிறகு வாய்விட்டு அழுதாள், அத்தனை வருஷத்தில் அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

"தண்ணிடி. எனக்கு எப்பவும் தண்ணிதான்" என்றாள்.

சட்டையைச் சரிசெய்துகொள்ள நான்தான் உதவினேன்.